கொழும்பு வீட்டு வளவில் பிரம்மா கோழி: குஞ்சு வாங்குவதிலிருந்து முதல் முட்டை வரை

2023 ஒக்டோபர் நடுப்பகுதியில் காலில் இறகு மூடிய பெரிய கோழி இனமான பிரம்மாவின் ஆறு குஞ்சுகளை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துத் தெஹிவளையிலுள்ள எங்கள் வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நத்தார் வருவதற்குள் மூன்றுதான் மிஞ்சியிருந்தன. அந்த மூன்றில் ஒன்று பிரம்மாவே அல்ல என்பது பின்னர் தெரியவந்தது. அடுத்த ஜனவரியில் மறுபடியும் தொடங்கி, அந்தத் தொகுதியை ஒழுங்காக முட்டைக்குக் கொண்டுவந்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதல் முறை எனக்குக் கிடைத்த அறிவுரைகள் இரண்டு வகைப்பட்டவை. தீன் கடையில் சொன்னவை, ஆறு வாரத்தில் இறைச்சிக்குப் போகும் புறொய்லருக்கும் ஐந்து மாதத்தில் முட்டையிடும் பண்ணைக் கோழிக்கும் பொருந்துபவை. இணையத்தில் வாசித்தவை, பனிக்காலத்தில் கோழியைக் குளிரிலிருந்து எப்படிக் காப்பது என்று கவலைப்படுபவர்கள் எழுதியவை. பிரம்மாவோ ஆறேழு மாதம், சிலவேளை எட்டு மாதம் சென்றே முட்டைக்கு வரும். கொழும்பிலோ முதல் மாதம் கழிந்தால் குளிர் ஒரு பொருட்டே இல்லை, ஈரமும் புழுக்கமும்தான் கோழியைக் கொல்கின்றன. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. அனுமதியையும் கடதாசிகளையும் முதலில் முடியுங்கள்

குஞ்சு வாங்கிய பின்னர் அனுமதி கேட்பது வீண் சண்டைக்கு வழி. வாடகை வீடாக இருந்தால், வீட்டு உரிமையாளரிடம் எத்தனை கோழி, வளவின் எந்த மூலையில், எவ்வளவு பெரிய கூடு என்ற விபரங்களைச் சொல்லி, அவர் சம்மதித்ததை ஒரு சிறிய கடிதமாகக் கையொப்பத்துடன் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சுச் சம்மதம் முதல் புகார் வரும்வரைதான் நிற்கும். தொடர்மாடி வீட்டில் இருப்பவர்கள் நிருவாகக் குழுவின் விதிகளை வாசிக்காமல் மொட்டைமாடியைக் கனவு காண வேண்டாம். பிரம்மாவுக்கு மண் தரை வேண்டும் என்பதால், மொட்டைமாடி எப்படியும் நல்ல இடம் அன்று.

அடுத்தது உங்கள் உள்ளூராட்சிச் சபை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகியவை கொழும்பு மாநகர சபைக்குள் வருகின்றன. தெஹிவளைக்கும் கல்கிசைக்கும் தனி மாநகர சபை உண்டு. வத்தளைக்கு நகர சபை. ஒவ்வொரு சபையும் தன் உபவிதிகளைத் தானே இயற்றுவதால், வெள்ளவத்தையிலுள்ள சித்தப்பா வளர்க்கிறார் என்பது தெஹிவளையில் உங்களுக்கு அனுமதி ஆகாது. உங்கள் பகுதிக்குப் பொறுப்பான பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நேரில் சந்தித்து, பொழுதுபோக்காக நான்கைந்து கோழி வளர்க்கப் போவதைச் சொல்லி, கூடு எல்லை மதிலிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். புகார் போனால் வாசலுக்கு வரப்போகிறவர் அவரே. எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது டெங்குப் பரிசோதனைக்காக. கூட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் பின்னால் கிடந்த பழைய தண்ணீர்த் தட்டையே எடுத்துப் பார்த்தார். நுளம்பு பெருக இடமளிப்பதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் சட்டம் கோழித் தண்ணீர்த் தட்டுக்கும் பொருந்தும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஒரு சாதாரண கோப்பில் இவற்றைச் சேர்த்து வையுங்கள்: உரிமையாளரின் கடிதம், குஞ்சு பொரித்த திகதி எழுதப்பட்ட பற்றுச்சீட்டு, தடுப்பு மருந்துப் பதிவு. அலுவலகம் ஒன்றில் எனக்கு நிரப்பக் கொடுத்த படிவம் சிங்களத்தில் மட்டுமே இருந்தது. தமிழ்ப் படிவம் கேட்டதில் அன்றைய காலைப்பொழுது முழுவதும் போயிற்று. அவசரம் என்றால் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஆனாலும் கேட்பதை விடாதீர்கள்.

அயலவருக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அன்ரியிடம் நான் சொல்லாமல் விட்டது, பின்னர் ஆறு மாதக் குசுகுசுப்பாக வளர்ந்தது.

2. மாதத்தைத் தெரிவு செய்யுங்கள்

என் முதல் தவறு இதுதான். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கொழும்பில் பின்னேரத்து இடிமழை கொட்டும். சுவர் வியர்க்கும், மரத்தூள் காயாது, குஞ்சின் காலடியில் எப்போதும் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில் இரத்தக் கழிச்சல் வந்தே இரண்டு குஞ்சுகள் போயின.

கொழும்பில் ஆண்டின் வறண்ட மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும். ஜனவரி முதல் பாதியில், பொரித்து ஒரு நாளேயான குஞ்சு வாங்கினால், விளக்கால் சூடு கொடுக்கும் வெப்பப்பெட்டிக் காலம் முழுவதும் வறட்சியில் கழியும். மார்ச் மாதத்தில் இறகு மூடிய குஞ்சு வெளியே இறங்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது அதற்கு நான்கு மாதம் ஆகியிருக்கும். இடையில் வரும் மார்ச், ஏப்ரல் வெயில் ஒரு சோதனைதான், ஆனால் இளங்கோழி அதைப் பெரிய கோழியைவிட எளிதாகத் தாங்கும். ஜனவரி தவறினால் ஜூலை அடுத்த வாய்ப்பு. அந்தக் குஞ்சுகள் ஒக்டோபர் மழைக்குள் போவதால் தரையில் கூடுதல் கவனம் தேவைப்படும்.

3. குஞ்சுக்கு முன் கூடு

“குஞ்சு சின்னதுதானே, கூட்டைப் பிறகு கட்டலாம்” என்று எல்லோரும் நினைக்கிறோம். எட்டு வாரம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். அப்போது தச்சர் கிடைக்கமாட்டார்.

வளர்ந்த சேவல் 5 கிலோகிராமையும் பேடு 4 கிலோகிராமையும் தொட்டுவிடும். ஆகவே ஊர்க்கோழிக்கு அடிக்கும் கூட்டின் அளவு இதற்குப் போதாது. உள்ளே படுக்க ஒரு கோழிக்குக் குறைந்தது 5 சதுர அடியும், வெளியே உலாவ 10 சதுர அடிக்கு மேலும் கணக்கிடுங்கள். கொழும்பு வளவில் இந்தக் கணக்கு நான்கு கோழியோடு முடிந்துவிடும். நிற்கும் கட்டை தரையிலிருந்து 30 முதல் 40 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேற்படக் கூடாது. கனத்த கோழி உயரத்திலிருந்து குதித்துக் குதித்து உள்ளங்கால் காயப்பட்டு, அதில் கிருமி புகுந்து சீழ்க்கட்டி ஆகிறது. உருண்டைக் கம்பு வேண்டாம். நான்கு அங்குல அகலப் பலகையின் தட்டையான பக்கம் மேலே இருக்க வேண்டும். முட்டைப்பெட்டி 40 சென்ரிமீற்றர் சதுரம், வாசல் அதற்கேற்ற அகலம்.

தரையைக் கம்பி வலையால் அமைக்காதீர்கள். பண்ணைக் கூடுகளைப் பார்த்துப் பலர் அப்படிச் செய்கிறார்கள். விரல் இறகு வலையில் சிக்கி முறிந்து இரத்தம் வரும். சீமெந்துத் தரையோ இறுக்கமான பலகைத் தரையோ அமைத்து, வெள்ளம் நிற்காத உயரத்துக்குத் தூக்கி, அதன்மேல் நான்கு அங்குலத்துக்கு உமியோ மரச்சீவலோ பரப்புங்கள். மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் மரச்சீவல் மூட்டையாகக் கிடைக்கும். பொடித் தூள் வேண்டாம், சுருள் சீவலாகக் கேளுங்கள். பூச்சிமருந்து ஏற்றிய பலகையின் சீவல் கலந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கூரைக்குத் தகரம் போட்டால் அதற்கு மேல் கிடுகு வேயுங்கள். நண்பகலில் தகரத்தின் கீழ் கையை நீட்டிப் பார்த்தாலே காரணம் விளங்கும். சாரல் அடிக்கும் பக்கம் கூரை இரண்டடி வெளியே நீண்டிருக்கட்டும். சுவரின் மேற்பாதி முழுவதும் அரை அங்குலக் கண்ணுள்ள, வெல்டிங் செய்த உறுதியான கம்பி வலையாக இருக்கட்டும். மலிவாகக் கிடைக்கும் அறுகோண வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், ஆனால் மரநாயை வெளியே வைத்திருக்காது. தெஹிவளை, கல்கிசைப் பக்கம் மரநாயும் கீரியும் கூரை வழியாகவும் வடிகால் வழியாகவும் நடமாடுகின்றன. கால்வாய் ஓரமாக இருப்பவர்கள் கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெருச்சாளி தோண்டி நுழையாதபடி வலையை நிலத்துக்குள் ஓரடி இறக்குங்கள்.

எனக்குக் கூட்டுக்கு மட்டும், தச்சர் கூலியுடன், 46,000 ரூபாய் ஆனது. ஆறு குஞ்சுகளின் விலை அதில் ஐந்திலொரு பங்குகூட இல்லை. பழைய கதவுப் பலகையும் யன்னல் கம்பியும் கிடைத்தால் பாதியாகக் குறைக்கலாம். வலையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

4. குஞ்சு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்

பிரம்மா என்ற பெயரில் விற்கப்படுவனவற்றில் கலப்புக் குஞ்சு நிறைய உண்டு. காலில் இறகு இருப்பது மட்டும் சான்றாகாது. கொச்சின் கோழிக்கும் காலில் இறகு உண்டு, பிரம்மாச் சேவலை ஊர்க்கோழியோடு சேர்த்துப் பொரித்த குஞ்சுக்கும் ஓரளவு இறகு வரும். கொண்டையைப் பாருங்கள். பிரம்மாவின் கொண்டை பட்டாணிக் கொண்டை எனப்படும். நெடுக்காக மூன்று தாழ்ந்த வரம்புகள், நடுவரம்பு சற்று உயர்ந்தது. ஒற்றைத் தகடாக வாள்போல எழும் கொண்டை பிரம்மாவுக்குரியதன்று. ஒரு நாள் குஞ்சில் இதைத் தெளிவாகக் காண்பது கடினம் என்பதால், தாய்க்கோழிகளையும் சேவலையும் நேரில் பார்த்து வாங்குங்கள், அல்லது அவற்றின் காணொளியை அன்றே எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு முதல் முறை விற்றவர் அனுப்பிய படம் வேறு யாருடையதோ.

“எல்லாம் பேடுதான்” என்று சொல்பவரை நம்பாதீர்கள். பிரம்மாக் குஞ்சில் ஆண், பெண் வேறுபாட்டைப் பத்து வாரத்துக்கு முன் உறுதியாகச் சொல்வது அரிது. ஆறு வாங்கினால் மூன்று சேவல் என்று கணக்கிட்டுக்கொண்டே வாங்குங்கள்.

கண் பளிச்சென்று, தொப்புள் காய்ந்து மூடி, பின்புறம் சுத்தமாக, கையில் எடுத்தால் உதைக்கிற குஞ்சையே எடுங்கள். குருநாகல், குளியாப்பிட்டிப் பக்கம் கோழி வளர்ப்பு மிகுதி என்பதால் அங்கிருந்து பலர் கொண்டுவருகிறார்கள். பயணத்தை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். பொரித்த குஞ்சு உடலுக்குள் மிஞ்சிய மஞ்சட்கருவைக் கொண்டு இரண்டு நாள் தாங்கும். பசியைவிட, நண்பகல் பேருந்தில் மூடிய பெட்டியின் புழுக்கமே ஆபத்து. பெட்டியின் நான்கு பக்கமும் துளையிட்டு, அடியில் சாக்குத் துண்டு விரியுங்கள்.

5. முதல் நான்கு வாரம்

வெப்பப்பெட்டியைக் குஞ்சு வருவதற்கு முதல் நாளே எரியவிட்டுச் சோதியுங்கள். முதல் வாரம் குஞ்சின் முதுகு மட்டத்தில் 33 முதல் 35 பாகை செல்சியஸ். பின்னர் வாரத்துக்கு 3 பாகை வீதம் குறைப்பது பொதுவான வழக்கம். வெளிநாட்டுக் குறிப்புகளில் ஆறு வாரம் விளக்கு வேண்டும் என்றிருக்கும். கொழும்பு அறையில் பகல் வெப்பம் 30 பாகையைத் தொடுவதால், மூன்றாம் வாரத்திலிருந்து பகலில் விளக்கை அணைத்து இரவில் மட்டும் எரித்தால் போதும். நான்காம் வார முடிவில் பெரும்பாலும் அதுவும் தேவைப்படாது. நான் முதல் முறை ஏட்டைப் பார்த்து விளக்கை எரித்துக்கொண்டே இருந்தேன். குஞ்சுகள் சுவரோரம் ஒட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கின. வெப்பமானி சொல்வதைவிடக் குஞ்சு சொல்வது சரி: விளக்கின் கீழ் நெருக்கியடித்துக் கீச்சிட்டால் குளிர், விலகி ஓடி வாய் பிளந்தால் சூடு, பெட்டியெங்கும் பரவித் தின்றுகொண்டும் கால் நீட்டித் தூங்கிக்கொண்டும் இருந்தால் அளவு சரி.

மின்குமிழ் வாங்கும்போது ஒரு பொறி உண்டு. கடைக்காரர் இப்போது எதைக் கேட்டாலும் எல்ஈடி குமிழைத்தான் எடுத்துத் தருவார். அது ஒளி தரும், சூடு தராது. இழை எரியும் பழைய வகைக் குமிழ், 60 வாற்று, அல்லது கோழிக்கென விற்கும் அகச்சிவப்பு விளக்கு வேண்டும். சங்கிலியில் தொங்கவிடுங்கள், கயிற்றில் வேண்டாம். 60 வாற்றுக் குமிழ் ஒரு நாள் முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை அலகு மின்சாரம் போகும். இரண்டு வாரம் முழுநேரமும் இரண்டு வாரம் இரவிலும் எரித்தால் 30 அலகு. இது சிறிய தொகைபோலத் தெரியும், ஆனால் வீட்டு மின்பாவனை மாதம் 60 அலகைத் தாண்டும்போது கட்டணப் பட்டியே மாறுவதால், விளிம்பில் இருப்பவர்களின் பில் எதிர்பாராத அளவு ஏறும்.

இரவில் மின்சாரம் போனால் மெழுகுதிரி ஏற்றிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். சுடுநீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி நடுவில் வைத்து, பெட்டியின் மேல் பாதியைப் போர்வையால் மூடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்றினால் விடியும்வரை சமாளிக்கலாம்.

தரையில் பத்திரிகைத் தாளை விரிப்பது நம் வழக்கம். பிரம்மாக் குஞ்சுக்கு அது கூடாது. உடல் வேகமாகக் கனக்கும், வழுக்கும் தாளில் கால் இரு பக்கமும் விரிந்து மூட்டு பிறழும். முதல் மூன்று நாள் சொரசொரப்பான துணி, பிறகு சீவல். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் பரப்புங்கள், குஞ்சு விழுந்து மூழ்காது. வந்தவுடன் ஒவ்வொன்றின் அலகையும் இளஞ்சூட்டு நீரில் ஒருமுறை தொட்டு விடுங்கள், தீனை அதன் பிறகு வையுங்கள். முதல் வாரத்தில் பின்புறத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து வழியை அடைக்கும். தினமும் பார்த்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். இழுத்தால் தோல் உரியும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம்வரை எச்சத்தை நாள்தோறும் பாருங்கள். செம்மண் நிறத்தில் அல்லது இரத்தம் கலந்து போனால், குஞ்சு இறகை உப்பி மூலையில் குந்தினால், அது இரத்தக் கழிச்சல். அன்றே கால்நடை வைத்தியரிடம் போங்கள். நாளை பார்ப்போம் என்று நான் விட்ட அந்த ஓர் இரவில்தான் இரண்டாவது குஞ்சு போனது. இறந்த குஞ்சைப் பரிசோதிக்கக் கொடுப்பதானால், பொலித்தீனில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவைத்தால் உறுப்புகளைச் சரியாகப் பார்க்க முடியாது.

6. தடுப்பு மருந்து

பொதுவான ஒழுங்கு இப்படி அமையும்: முதல் வாரத்தில் ராணிக்கெட் என்ற தொற்றுநோய்க்குக் கண்சொட்டு, இரண்டாம் வாரத்தில் கம்போறோ என்ற தொற்றுநோய்க்கு மருந்து, நான்காம் வாரமளவில் மீளூட்டல் (மறுமுறை கொடுப்பது), ஆறிலிருந்து எட்டாம் வாரத்துக்குள் இறக்கையில் குத்தும் அம்மைத் தடுப்பு. உங்கள் பகுதிக்கான சரியான திகதிகளை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் எழுதிப் பெறுங்கள். அம்மையை நுளம்பு பரப்புவதால் கொழும்பில் அதைத் தவிர்க்கவே கூடாது.

இங்கே சிக்கல் அளவில் இருக்கிறது. மருந்துக் குப்பிகள் நூற்றுக்கணக்கான கோழிக்கென வருகின்றன. கரைத்த குப்பியை இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆறு குஞ்சுக்கு ஒரு குப்பி வாங்குவது வீண். குப்பி எந்த நாளில் உடைக்கப்படும் என்று முன்கூட்டியே கேட்டு, அன்று குஞ்சுகளைப் பெட்டியில் கொண்டுபோவதே மலிவான வழி. அக்கம்பக்கத்தில் கோழி வளர்ப்பவர்கள் சேர்ந்தும் வாங்கலாம். வீட்டுக்கு எடுத்துவந்தால் ஐஸ்கட்டியுடன் கொண்டுவாருங்கள்.

தண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தாயின், குழாய்நீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள குளோரின் உயிருள்ள தடுப்பு மருந்தைக் கொன்றுவிடும். குஞ்சு குடிக்கும், பயன் இராது. கிணற்றுநீரோ, கொதிக்கவைத்து முற்றாக ஆறிய நீரோ எடுத்து, அதில் சிறிது கொழுப்பு நீக்கிய பால்மாவையும் கலந்து கொடுக்க வேண்டும்.

7. தீனும் செலவும்

எட்டு வாரம்வரை ஸ்டார்டர் எனும் குஞ்சுத் தீன், பிறகு குரோவர் எனும் வளரும் கோழித் தீன், முட்டை தொடங்கும்போது லெயர் எனும் முட்டைக்கோழித் தீன். இதுவரை எந்தக் கடையிலும் ஒரே பேச்சுதான். “பதினெட்டாம் வாரம் லெயருக்கு மாற்றுங்கள்” என்று சொல்வதில்தான் பொறி. அந்தக் கணக்கு பண்ணை இனத்துக்குரியது. பிரம்மா அப்போது இன்னும் பிள்ளை. முட்டைக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கிறது. லெயர் தீனிலுள்ள சுண்ணாம்புச் சத்தை முட்டையிடாத கோழியின் உடல் ஏற்க முடியாமல் சிறுநீரகம் பழுதடைகிறது. பேட்டின் கொண்டை சிவந்து, கையை முதுகில் வைத்தால் குந்தி இடம் கொடுக்கிற நாளை எதிர்பார்த்திருங்கள், அதுவரை குரோவர்தான். புறொய்லர் தீனையும் கொடுக்காதீர்கள், கால் தாங்குவதற்கு முன் உடல் கனத்துவிடும்.

அளவுக் கணக்கு: எட்டு வாரத்துக்குக் குஞ்சு ஒன்றுக்கு இரண்டிலிருந்து இரண்டரைக் கிலோகிராம், அதன் பின் முட்டை வரும்வரை 12 அல்லது 13 கிலோகிராம். ஆறு குஞ்சுக்கு ஏறத்தாழ 90 கிலோகிராம் தீன் போனபிறகுதான் முதல் முட்டையைக் காண்பீர்கள். வளர்ந்தபின் நான்கு கோழி மாதம் 16 முதல் 18 கிலோகிராம் தின்னும். இந்த எண்களை அன்றைய விலையால் பெருக்குங்கள். 2022இல் மக்காச்சோளமும் சோயாவும் வராமல் தீன் விலை எப்படி ஏறியது என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும், ஆகவே பழைய விலையை வைத்துத் திட்டமிடாதீர்கள். முட்டை விற்று இந்தச் செலவை ஈடுசெய்யலாம் என்று எண்ணுபவர்கள் பிரம்மாவை விட்டுவிட்டுச் சாதாரண முட்டைக்கோழி வாங்குவதே நல்லது.

மூட்டையாக வாங்கினால் மலிவு என்பது இங்கே உண்மையான சிக்கனமாகாது. கொழும்பின் ஈரப்பதத்தில் ஒரு மாதத்துக்குள் தீன் பூசணம் பிடிக்கும். மூன்று வாரத்துக்குப் போதுமானதை மட்டும் வாங்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். கட்டியாகிப்போன தீனையும் மணம் மாறிய தேங்காய்ப் புண்ணாக்கையும் தயங்காமல் எறியுங்கள். முருங்கை இலை, பசளி, கங்குன் ஆகியவற்றைக் கட்டித் தொங்கவிட்டால் கொத்திக்கொண்டே இருக்கும். உப்பும் உறைப்பும் சேர்ந்த கறி மிச்சம் வேண்டாம்.

8. கால்

பிரம்மாவின் அழகு முழுவதும் காலில், தொல்லையும் அங்கேதான். மழைநாளில் வெளியே விட்ட கோழியின் விரல் இறகில் சேறு ஒட்டும், அதன்மேல் எச்சம் ஒட்டும், காய்ந்ததும் உழுந்துவடை அளவில் கல்போல இறுகும். முதல் முறை அந்தக் கட்டியை நான் கையால் உடைத்து இழுத்தேன்; நகமே கழன்று வந்தது, துணியால் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்க வெகுநேரம் ஆயிற்று. இப்போது செய்வது வேறு. பேசினில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, கோழியின் சிறகுகளைத் துவாயால் சுற்றி மடக்கி, கால் மூழ்கும்படி பத்து நிமிடம் நிற்கவைக்கிறேன். பிரம்மா சாதுவான இனம், ஐந்தாவது நிமிடத்தில் கண் சொக்கத் தொடங்கிவிடும். கட்டி தானாகக் கரையும். பிறகு துவாயால் ஒற்றி, விரலிடுக்கு காயும்வரை சீவலில் விடவேண்டும்.

வாரம் ஒருமுறை இறகை விலக்கிச் செதில்களைப் பாருங்கள். செதில் தூக்கி, வெண்பொடி படிந்து, சொரசொரப்பாக இருந்தால் அது கால் சொறிச் சிற்றுண்ணி. இறகு மறைப்பதால் மற்றக் கோழிகளில் முதல் வாரத்தில் தெரிவது, இதில் இரண்டு மாதம் கழித்துத் தெரியும். காலைக் கழுவிக் காயவைத்து, செதில் இடுக்கெல்லாம் வாசலின் களிம்பை அழுத்தித் தேய்த்து, சில நாளுக்கு ஒருமுறை மீண்டும் தேய்த்துக்கொண்டே வந்தால் உண்ணி மூச்சடைத்துச் சாகும். ஒரு கோழியில் கண்டால் எல்லாவற்றுக்கும் செய்யுங்கள், கட்டையையும் சுத்தம் செய்யுங்கள்.

மழை விடும்வரை கோழி உள்ளேயே இருக்கட்டும். வாசலடியில் மண்ணை அகற்றி ஆற்றுமணலை நான்கு அங்குலத்துக்குக் கொட்டிய பிறகு, நான் கால் கழுவும் வேலை பாதியாகக் குறைந்தது.

9. வெயில்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் நண்பகல் முதல் நான்கு மணிவரை கோழியை அடிக்கடி பாருங்கள். வாய் பிளந்து, சிறகை உடலிலிருந்து விலக்கி நின்றால் எச்சரிக்கை. கொண்டை வெளிறித் தள்ளாடினால் அவசரம், உடனே நிழலில் கிடத்திக் காலையும் தாடையையும் குளிர்ந்த நீரால் நனையுங்கள். ஐஸ்கட்டிக்குள் முழுவதாக அமிழ்த்தாதீர்கள். தீனை விடியற்காலையிலும் பொழுது சாயும்போதும் வைத்து, நண்பகலில் தண்ணீர் மட்டும் விடுங்கள். உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைக் கூட்டின் மூலையில் போட்டால் கோழி அதன்மேல் சாய்ந்து கிடக்கும். தண்ணீர்த் தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவினால் சூட்டுக்கும் நுளம்புக்கும் சேர்த்து ஒரே வேலையாக முடியும்.

10. சேவல்களை எங்கே அனுப்புவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

நான்கு, ஐந்து மாதத்தில் கூவத் தொடங்கும். பிரம்மாவின் குரல் ஊர்ச்சேவலைவிடத் தாழ்ந்தது என்பது உண்மையே. காலை நான்கு மணிக்கு ஒழுங்கையில் அந்த வேறுபாட்டை யாரும் இரசிக்கப்போவதில்லை. பேடு முட்டையிடச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிக்க விரும்பினால் மட்டுமே ஒன்றை வைத்திருங்கள். பிரம்மாப் பேடு நன்றாக அடைகிடக்கும் என்பதால் அந்த ஆசை வரத்தான் செய்யும்.

பத்தாவது வாரத்தில் கொண்டை பெரிதாகிச் சிவப்பதையும், மூன்று நான்கு மாதத்தில் வாலடியில் கூரான, தொங்கும் இறகு வருவதையும் கண்டதும், வாங்குபவரைத் தேடத் தொடங்குங்கள். கூவிய பிறகு தேடினால் இறைச்சி விலைதான் கிடைக்கும். இனத்துக்காக வாங்குபவர்கள் கொண்டையையும் காலையும் பார்த்த கையோடு கேட்பது தடுப்பு மருந்துப் பதிவை. கோப்பிலுள்ள தாளின் பிரதியை அவர்களிடம் கொடுங்கள். அத்துடன், கோழி பழகிய தீனில் ஒரு வாரத்துக்குப் போதுமானதையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்து, புதுத் தீனைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றச் சொல்லுங்கள்.